அப்பா சிபாரிசில் தங்கமா?

கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ஒரு கேள்வி. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கிய இங்கிலாந்து கிரிக்கெட் கேப்டன் யார்? கூகுளுக்கு ஓட வேண்டாம், நானே சொல்கிறேன். ஜானி டக்ளஸ் :-)

1905இல் இங்கிலாந்தின் அமெச்சூர் மிடில்வெயிட் சாம்பியன். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் அதே பிரிவில் தங்கம். இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்றவர் ஆஸ்திரேலியாவின் ஸ்னோவி பேக்கர்.

அந்தப் போட்டிக்கு டக்ளஸின் அப்பாதான் நடுவர் என்று ஒரு கதை உண்டு. பேக்கரே 1952இல் அப்படிச் சொன்னார். ஆனால் அது உண்மையில்லை. அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் அப்பா பதக்கம் கொடுக்கத்தான் வந்திருந்தார்.

அப்படியென்றால் அப்பா உதவவே இல்லையா? உதவினார், ஆனால் ரிங்குக்கு வெளியே. அமெச்சூர் என்றால் விளையாட்டுக்குக் கூலி வாங்கக் கூடாது. சரி, சோற்றுக்கு? டக்ளஸ் குடும்பத்துக்கு மர வியாபாரம் இருந்தது. காமர்ஸ் மாணவனாகச் சொல்கிறேன், வரவே இல்லாத கணக்குக்கு யாராவது முதல் போட்டே ஆக வேண்டும்.

குத்துச்சண்டையாவது வேலை முடிந்து சாயங்காலம் பழகலாம். கிரிக்கெட் டூர் மாதக்கணக்கில் நடக்கும். 1911-12இல் ஆஸ்திரேலியா போன அணியின் கேப்டன் வார்னருக்கு உடம்பு முடியாமல் போனது. பொறுப்பு டக்ளஸிடம் வந்தது. அவருக்கு அதுதான் முதல் டெஸ்ட்! அதே அணியில் 1908 முதல் டெஸ்ட் ஆடிவந்த ஜாக் ஹாப்ஸ் இருந்தார். அந்தத் தொடரில் 662 ரன் அடித்தார். ஆனால் அவர் கூலிக்கு ஆடுபவர், கேப்டன் பதவி அமெச்சூர்களுக்கு. தொடரை இங்கிலாந்து 4-1 என ஜெயித்தது. இந்தப் பாகுபாடு 1962இல்தான் ஒழிந்தது.

டக்ளஸைக் குறை சொல்லவில்லை. ரிங்கில் வாங்கிய குத்தெல்லாம் அவர் முகத்தில்தான் விழுந்தது. 1930 டிசம்பரில் மரம் வாங்க அப்பாவோடு பின்லாந்து போய்த் திரும்பும்போது, டென்மார்க் அருகே கப்பல்கள் மோதி இருவரும் இறந்தார்கள். அப்பாவைக் காப்பாற்றப் போய்த்தான் அவரும் இறந்தார் என்கிறார்கள்.

நம் வகுப்பிலும் யாராவது ஜெயித்தால் "அப்பா சிபாரிசு" என்கிறோம். ஜெயித்தவனைச் சந்தேகப்படுவது சுலபம். கூலி வாங்கினான் என்பதற்காக ஒதுக்கப்பட்ட ஹாப்ஸுகள் யார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா?