இருதயத்தைக் காக்கும் இயற்கைப் பொருள்கள்

இருதய நோய்க்கு மூலிகையும் கடற்பாசியும் தீங்கற்ற மருந்துகள் என்னும் கருத்து மக்களிடையே பரவியிருக்கிறது. அது முற்றிலும் பொய்யன்று; ஆயினும் பாதி உண்மையே. மீதிப் பாதியை விளக்கும் பொறுப்பு களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் உரியது.

திருப்பதி மாவட்டத்து வரதய்யபாளையத்தை எடுத்துக்கொள்வோம். மேற்கே காடடர்ந்த குன்றுகள். கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் வங்கக் கடல். மூலிகையோ கடற்பாசியோ இத்தகைய ஊருக்கு அயலான பொருளன்று. கைக்கெட்டும் பொருளைப் பற்றிய அரைகுறைச் செய்தியே இங்கு அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடும்.

மூலிகை மருந்தாவதற்குச் சர்ப்பகந்தா சிறந்த சான்று. நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலம் வழங்கிய அதன் வேர் இரத்தக் கொதிப்பைத் தணிப்பதை 1931-இல் கல்கத்தாவில் சென், போஸ் ஆகியோர் வெளியிட்டனர். அதே ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திகி அதிலிருந்து அஜ்மலின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நோயாளிகளிடம் கண்ட பயனைப் பிரிட்டிஷ் இருதய இதழில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் பிரிக்கப்பட்டது. அது உலகெங்கும் பயன்பட்டது. மனச்சோர்வு முதலிய கெடுதல்களும் தெரியவந்தன. சிறந்த மருந்துகள் வந்தபின் அதன் உபயோகம் அருகிவிட்டது. நன்மையையும் தீமையையும் காட்டியது சோதனையேயன்றிப் பழமையன்று.

மஞ்சள் அரளி மற்றொரு பாடம். டிஜிட்டாலிஸ் செடியைப் போலவே இதிலும் இருதயத் துடிப்பைப் பாதிக்கும் பொருள்கள் உண்டு. இங்கிலாந்தின் வில்லியம் விதரிங் பத்தாண்டு காலம் நோயாளிகளைக் கவனித்து, டிஜிட்டாலிஸின் அளவை வரையறுத்து 1785-இல் நூல் வெளியிட்டார். அளவு தவறினால் அம்மருந்தே நஞ்சாகும். அளவு அறியப்படாத அரளியோ உயிரையே போக்கும். இரண்டும் இயற்கையின் படைப்புகளே.

கடற்பாசிக்கும் இதே நியாயம் பொருந்தும். கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு மிகுதி ஆகியவற்றுக்கெனக் கடற்பாசிச் சாறுகளிலிருந்து துணை உணவுப் பொருள்களை உருவாக்கியுள்ளது. இது பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் துணை உணவு, மருத்துவர் தரும் மருந்துக்கு மாற்றாகாது. பழுப்புப் பாசியிலுள்ள ஃபுகாய்டன் இரத்தம் உறைவதைத் தடுக்க வல்லதென ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டுள்ளது. ஆகவே இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர் அதைத் தாமாக உட்கொள்ளலாகாது.

எலிகளிடம் நிகழும் சோதனைகளையும் சரியாகப் பொருள்கொள்ள வேண்டும். அவற்றுள் பலவற்றில், மூலிகைச் சாற்றைச் சில நாட்கள் கொடுத்த பின்னரே ஐசோபுரோட்டெரினால் என்னும் மருந்தால் எலியின் இருதயத்தைப் பழுதாக்குகின்றனர். பழுது குறைந்திருந்தால் சாறு காத்ததாகக் கொள்கின்றனர். மனிதனோ பெரும்பாலும் நோய் வந்த பின்னரே மருந்தை நாடுகிறான். முன்கூட்டிக் காப்பது வேறு, வந்ததைத் தீர்ப்பது வேறு.

ஆதலின், ஓர் இயற்கைப் பொருளைப் பற்றி எவரேனும் வினவினால் மூன்று கேள்விகளை எழுப்புதல் நலம்: எந்த இனம், அதன் எந்தப் பகுதி? எவ்வளவு? மனிதரிடம் சோதிக்கப்பட்டதா? இவற்றுக்கு விடையில்லாதவரை, அதை நம்பி இரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒருவரும் நிறுத்தலாகாது. இதனை ஊர்தோறும், வகுப்புதோறும் உரைப்பது மூலிகையை இகழ்வதாகாது. அதனை மருந்தாக்கும் வழியை மதிப்பதேயாகும்.