முட்டுக்காட்டு அரங்கில் பறைக்கு எத்தனை நாள்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், அரசு ஒரு பெரிய உள்ளரங்கத்தைக் கொண்டுவருகிறது. கலைஞர் நூற்றாண்டை ஒட்டி 2023-இல் அறிவிக்கப்பட்ட திட்டம். 5,000 பேர் அமரலாம் என்றார்கள். பெயர் மாநாட்டு மையம் என்றாலும் இசை நிகழ்ச்சிகள் அங்கே வராமல் போகாது. வரட்டும், சென்னைக்கு அப்படியொரு கூரை தேவைதான். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூர்த் திடலில் ஏ.ஆர்.ரகுமான் கச்சேரி நடந்த விதம் பலருக்கும் நினைவிருக்கும். டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியவில்லை. நெரிசலில் பெண்கள் சீண்டப்பட்டார்கள். பெரியமேட்டில் இருக்கும் நேரு உள்விளையாட்டரங்கமோ விளையாட்டுக்கென்று கட்டியது, பாட்டு அங்கே விருந்தாளி.

ஆனால் புதிய அரங்கம் என்றாலே நம் ஊரில் பேச்சு கார் நிறுத்துமிடம், ஏசி, ஒலியமைப்பு என்று போய்விடுகிறது. மேடையை யாருக்குக் கொடுப்பது என்று யார் முடிவு செய்வார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

இந்த நகரத்தில் அரங்கம் வைத்திருப்பவரே எது இசை என்பதையும் சொல்லிவந்திருக்கிறார். 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாதெமியும் மற்ற சபாக்களும் அப்படித்தான் கர்நாடக இசையின் எல்லையை வகுத்தன. தமிழில் பாட மேடை இல்லையே என்ற கோபத்தில் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது; 1952-இல் ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. செட்டிநாட்டு அரசரிடம் பணம் இருந்தது, சொந்த மன்றம் கட்டிக்கொள்ள முடிந்தது. சேரிக்கு அந்த வழி இல்லை. 2018 ஜனவரி 6 அன்று 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாகப் பாடியது கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில்.

அரசு அரங்கம் என்றால் பாரபட்சம் இருக்காது என்று நம்புகிறவர்களுக்கு 2020-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். பசுத்தோலில் செய்த கருவியைப் பூசையறையில் வைப்பவர்கள், அந்தத் தோலைப் பதப்படுத்தும் மனிதரை வாசலோடு நிறுத்தும் கதை அது. வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியை விலக்கிக்கொண்டது. தாங்கள் அரசு நிறுவனம், அரசியல், சமூகச் சர்ச்சைகளுக்கு இடம் தர முடியாது என்பதே காரணம். கலாக்ஷேத்ராவை நடத்துவது ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம், அதாவது நம் வரிப்பணம். விழா பிறகு ஓர் இதழியல் கல்லூரியில் நடந்தது. மிருதங்கம் மேடையில் இருக்கலாம், அதைச் செய்தவரின் பெயரை மட்டும் அங்கே சொல்லக்கூடாது.

நான் குடியிருக்கும் குன்றத்தூர், சேக்கிழாரின் ஊர். அவர் எழுதிய நந்தனார் கதையில் இது அப்படியே இருக்கிறது. கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர் நந்தனார். அவர் நின்றது வாசலில். தில்லை அம்பலத்துக்குள் போவதற்குத் தீயில் இறங்க வேண்டியிருந்தது. அந்த மன்றுக்குப் 'பொது' என்றும் ஒரு பெயர் உண்டு, கவனியுங்கள்!

'சென்னை சங்கமத்தில் பறை அடிக்கிறார்களே' என்பார்கள். அடிக்கிறார்கள்: பொங்கலுக்கு, பூங்காவிலும் திடலிலும். அமைச்சர் வரும்போது வாசலில் நின்றும் அடிக்கிறார்கள். விருந்தினர் உள்ளே போனதும் வாசல் காலியாகிவிடும். கூரைக்குக் கீழே, விளக்கு வெளிச்சத்தில், இரண்டு மணி நேரம், நல்ல ஒலியமைப்போடு, டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முன்னால் பறையும் கானாவும் ஒலிப்பது வேறு விஷயம். சம்பளமும் வேறு.

எனவே முட்டுக்காட்டுக்கு இப்போதே எழுத்தில் விதி வேண்டும். ஆண்டில் இத்தனை நாள் மக்களிசைக் குழுக்களுக்கு, அவர்களால் கட்ட முடிகிற வாடகையில் என்று. அந்த நாட்கள் முகூர்த்தமில்லாத ஆடி மாதத்தின் செவ்வாய்க்கிழமைகளாக இருக்கக்கூடாது. தேதி ஒதுக்கும் குழுவில் பறையிசைக் கலைஞர்களும் கானா பாடகர்களும் உறுப்பினராக இருக்க வேண்டும். கொடுத்த அனுமதியை விலக்கினால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி வேண்டும்.

கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்து நகரத்துக்கு வெளியே கொட்டப்பட்ட மக்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் வாழ்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த அரங்கம் அமைவது அவர்கள் வசிக்கும் பக்கமாகத்தான். இன்றைய நிலையில் அவர்களுக்கு அங்கே உறுதியாகக் கிடைக்கக்கூடியது, கச்சேரி முடிந்தபின் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்த வேலை.

முட்டுக்காட்டுக்கு ரயில் கிடையாது, குன்றத்தூருக்கும் கிடையாது. இரவு பத்தரைக்கு நிகழ்ச்சி முடிந்தால் கார்காரர் கிளம்பிவிடுவார். செம்மஞ்சேரிக்குப் போகிற குடும்பத்துக்குப் பஸ் வேண்டும். தாம்பரம் வரைக்கும் ஒன்று விட்டால் எங்களுக்கும் உதவும்.