தூண் நிற்குது, சாவி யாரிடம்?

கடைத் தெரு முனையில் வரிசையாக இரும்புத் தூண்கள். மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக அடித்தவை. கார் உள்ளே நுழையக் கூடாது என்று நட்டவை.

எண்ணிப் பாருங்கள். ஒன்று குறையும்!

அது எங்கே? டீக்கடை ஓரம் படுத்துக் கிடக்கும். அது நின்ற இடத்தில் ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் சேறு, சிகரெட் துண்டு, நசுங்கிய டீ கப்.

"யாருங்க கழற்றினது?"

"முந்தாநாள் லோடு வண்டி வந்துதுங்க. கழற்றினாங்க. அப்புறம் போடலை."

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"அது தெரியலீங்களே!"

கழற்றி மாட்டும் தூணின் கதை பல தெருக்களில் இப்படித்தான் முடிகிறது. தூண் வாங்கப் பணம் உண்டு. நடுவதற்கு ஆள் உண்டு. ஆனால் கழற்றிய தூணைத் திரும்பப் போடுவது யார் வேலை? அதற்குத்தான் ஆள் கிடையாது.

தூண் நடுவது பெரிய காரியம் அல்ல. குழியை ஒழுங்காகப் போடுவதும், சாவிக்கு ஒரு பொறுப்பாளியை வைப்பதும்தான் காரியம். அதைச் செய்யாமல் நட்ட தூண் வெறும் வேடிக்கைப் பொருள்.

கழற்றுவது ஏன்?

"அப்படியானால் அசையாத தூணாகவே நட்டுவிடலாமே?" என்று கேட்கலாம். முடியாது.

தெருவுக்குள் தீயணைப்பு வண்டி போக வேண்டும். ஆம்புலன்ஸ் போக வேண்டும். குப்பை வண்டி போக வேண்டும். திருவிழா வந்தால் சாமி ஊர்வலம் போக வேண்டும்.

2017 மே 31-ந் தேதி சென்னை தியாகராயநகர் உஸ்மான் ரோட்டில் பெரிய ஜவுளிக்கடை ஒன்று தீப்பிடித்து எரிந்ததை ஊரே பார்த்தது. விடியற்காலையில் கிளம்பிய புகை அன்று இரவு வரை அடங்கவில்லை. அந்த மாதிரி நேரத்தில் தெரு முனையில் கழற்ற முடியாத தூண் நின்றால் என்ன ஆகும்?

ஆகவே கழற்றும் தூண்தான் சரி. காரைத் தடுக்கும், அவசர வண்டிக்கு வழி விடும். ஆனால் இரண்டு வேலையையும் அது ஒழுங்காகச் செய்ய வேண்டுமே!

குழியில் இருக்கு விஷயம்

இந்தத் தூணுக்கு இரண்டு பாகம். மேலே தெரிவது பைப்பு. தரைக்குள் இருப்பது உறை. உறையைக் கான்கிரீட்டில் பதித்து, பைப்பை அதற்குள் இறக்கிப் பூட்டுகிறார்கள். எல்லோர் கண்ணும் பைப்பின் மேல். ஆனால் உயிர் இருப்பது உறையில்.

குழியின் அடியில் அரை அடிக்கு ஜல்லி போட வேண்டும். உறையின் அடி திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் மழைத் தண்ணீர் கீழே வடியும். ஜல்லி போடாமல் கான்கிரீட்டைக் கொட்டினால் உறை ஒரு கிண்ணம் ஆகிவிடும். தண்ணீர் தேங்கும். துரு பிடிக்கும். சேறு கட்டும். பைப்பு உள்ளே இறங்காது. இறங்கிய பைப்பு வெளியே வராது!

கான்கிரீட் கொட்டும்போது உறையின் வாயைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கலவை உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். உறை நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் கொஞ்சம் சாய்ந்தாலும் மேலே தூண் கோணலாக நிற்கும்.

உறையின் வாய் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். அரை அங்குலம் தூக்கி நின்றாலும் போகிற வருகிற கால் இடறும். சுற்றிலும் உள்ள கான்கிரீட் லேசாக வெளிப்பக்கம் சரிய வேண்டும். தண்ணீர் ஓட்டைக்குள் ஓடாமல் வெளியே ஓடும்.

பிறகு ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஆற வைக்க வேண்டும். கான்கிரீட்டின் முழுப் பலத்தை 28 நாளில்தான் கணக்கிடுகிறார்கள். ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? இன்று குழி, நாளை திறப்பு விழா, மறுநாள் லாரி இடித்துத் தூண் ஆட்டம்!

தோண்டுமுன் இன்னொன்று. கீழே மின்சாரக் கேபிள் ஓடுகிறதா, குடிநீர்க் குழாய் போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடப்பாரை கேபிளைத் தொட்டால் தூண் நிற்பதற்கு முன்பே ஆள் விழுவான்.

பாசி மணி செய்த வேலை

"ஒரு தூண் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?" என்று அலட்சியமாகக் கேட்பவர்கள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைப் பார்க்கட்டும்.

2016-ல் பிரான்சின் நீஸ் நகரில் ஒரு கொடியவன் கூட்டத்துக்குள் லாரியை ஓட்டினான். 86 பேர் பலி. அதைப் பார்த்துப் பல நகரங்கள் விழித்துக்கொண்டன. நியூ ஆர்லியன்சும் தன் புகழ்பெற்ற போர்பன் தெருவில் 2017-ல் தடுப்புத் தூண்கள் அமைத்தது. தரையில் பதித்த தடத்தில் நகர்த்தித் திறந்து மூடும் தூண்கள் அவை.

அந்தத் தெருவில் மார்டி கிரா திருவிழா நடக்கும். கூட்டத்தை நோக்கிப் பாசி மணி மாலைகளை வீசுவார்கள். மணிகள் தடத்தில் விழுந்தன. தடம் அடைத்தது. தூண் நகரவில்லை. கடைசியில் பழுதான தூண்களை மாற்றும் வேலை 2024 நவம்பரில் தொடங்கியது.

வேலை முடியவில்லை. 2025 ஜனவரி 1. புத்தாண்டு விடியற்காலை. தெருவில் கொண்டாட்டக் கூட்டம். வழியில் ஒரு போலீஸ் கார் மட்டும் நின்றது. ஒருவன் பிக்கப் வண்டியை நடைபாதையில் ஏற்றி, போலீஸ் காரைச் சுற்றிக்கொண்டு உள்ளே புகுந்தான். 14 பேர் பலி!

இதில் இன்னொரு வேதனை. புதிதாக வரவிருந்த தூண்களும் மணிக்கு 10 மைல் வேகத்தில் மோதும் வண்டியைத் தாங்கும் அளவுக்கே என்று அப்போது செய்தி வெளியானது. தினமும் கழற்றி மாட்ட லேசாக இருக்க வேண்டுமாம்! கழற்ற லேசு, இடிக்கவும் லேசு.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, 2024 டிசம்பர் 20-ந் தேதி, ஜெர்மனியின் மக்டெபர்க் நகரக் கிறிஸ்துமஸ் சந்தையில் நடந்தது என்ன? சுற்றிலும் கான்கிரீட் கட்டைகள் இருந்தன. அவசர வண்டிக்காக ஒரு வழி விட்டிருந்தார்கள். கொலைகாரனின் கார் அந்த வழியாகத்தான் புகுந்தது. ஆறு பேர் உயிரிழந்தார்கள்.

ஆம்புலன்சுக்கு விட்ட வழி எமனுக்கும் வழி ஆனது. அந்த இடத்துக்குத்தான் கழற்றும் தூண் வேண்டும். அதற்குப் பக்கத்தில் சாவியோடு ஓர் ஆளும் வேண்டும்.

சக்கர நாற்காலி போகுமா?

நம் ஊரில் பெரிய தொல்லை நடைபாதையில் ஏறும் மோட்டார் சைக்கிள். அதைத் தடுக்கத் தூணை நெருக்கி நெருக்கி நடுகிறார்கள். விளைவு? சக்கர நாற்காலியும் போக முடியவில்லை.

மும்பையில் இந்தப் பிரச்சினை ஐகோர்ட்டுக்கே போனது. 2023-ல் மாற்றுத்திறனாளி ஒருவரின் முறையீட்டைப் பார்த்து, நடைபாதைத் தூண்கள் பற்றி ஐகோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

கணக்கு எளிது. சக்கர நாற்காலிக்கும் மோட்டார் சைக்கிள் கைப்பிடிக்கும் அகலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றைத் தடுத்தால் மற்றதும் நிற்கும். ஆனால் தூணுக்கும் தூணுக்கும் நடுவே 1.2 மீட்டர் விட்டால், சக்கர நாற்காலி தாராளமாகப் போகும், கார் போகாது. மோட்டார் சைக்கிளைப் பிடிப்பது தூணின் வேலை அல்ல, போலீசின் வேலை. அபராதம் போட வேண்டியவர்களின் பாரத்தைத் தூணின் தலையில் ஏற்றினால், கஷ்டப்படுவது கால் நடக்காதவர்.

என்ன செய்யலாம்?

பிரிட்டனில் தீயணைப்புப் படைக்கென்றே பொதுச் சாவிப் பூட்டு உண்டு. அந்தப் பூட்டு போட்ட தூணை வண்டியில் இருக்கும் சாவி திறக்கும். இங்கே அதைச் செய்வதற்கு என்ன தடை? ஒரு வட்டாரத்துத் தூணுக்கெல்லாம் ஒரே சாவி. ஒன்று தீயணைப்பு நிலையத்தில். ஒன்று போலீஸ் நிலையத்தில். ஒன்று வார்டு அலுவலகத்தில். அவ்வளவுதான்.

"சரக்கு இறக்க வேண்டாமா?" என்று கடைக்காரர்கள் கேட்பது நியாயம். அதற்கு நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் தூணைக் கழற்றுபவர் பெயரும் மாட்டுபவர் பெயரும் ஒரு நோட்டில் ஏற வேண்டும். கழற்றிய ஓட்டைக்கு மூடி போட வேண்டும். மூடி இல்லாத ஓட்டை இருட்டில் ஒரு பாட்டியின் காலை முறிக்கும்.

மாதம் ஒரு தரம் ஒவ்வொரு தூணையும் தூக்கிப் பார்த்து, சேற்றை வாரி, பூட்டுக்குக் கிரீஸ் போட வேண்டும். இதற்கு ஓர் ஆளும் அரை நாளும் போதும். கோடி ரூபாய் வேண்டாம்.

இனி எந்தத் தெருவில் தூண் நட்டாலும், "எத்தனை தூண்?" என்று கேட்டு நின்றுவிடாதீர்கள். "அடியில் ஜல்லி போட்டீங்களா? சாவி யார்கிட்ட?" என்று கேளுங்கள்.

பதில் வராவிட்டால், அந்தத் தெருவில் தூண் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்!