விலையுயர்ந்த உளியா, கூரிய உளியா?

தொழிற்கல்வி பற்றிப் பேசுவோர் பெரிய ஆலைகளையே எண்ணுகின்றனர். வீட்டின் பின்புறக் கொட்டிலில், 'லேத்து' என வழங்கும் சிறு கடைச்சற்பொறி ஒன்றை வைத்துத் தொழில் பழகும் இளைஞனை எண்ணுவோர் சிலரே. அவன் பெரிதும் மனஞ்சோரும் இடம், துருப்பிடியாத கறையில் உருக்குக் கோலை வெட்டிப் பிரிக்கும் வேலையாகும். உளி அதிர்கின்றது, அலறுகின்றது, ஈற்றில் முறிந்துவிடுகின்றது. உடனே அவன், பொருள் செலவிட்டுக் காபைட்டு முனை பொருத்திய உளியை வாங்க முற்படுகின்றான். இது பெரும்பாலும் வீண் செலவு என்பதே எமது கருத்து.

முதலில் உலோகத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பெருவழக்கிலுள்ள 304 என்னும் வகை, ஏறக்குறைய நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கொண்டது. சாதாரண உருக்குக் கடத்தும் வெப்பத்தில் மூன்றிலொரு பங்களவையே இது கடத்தும். ஆதலின் வெப்பம் உளியின் முனையிலேயே தங்குகின்றது. அன்றியும், உளி வெட்டாது உரசுமாயின், உரசப்பட்ட மேற்பரப்பு இறுகிக் கடினமாகின்றது. எனவே இவ்வுலோகத்துக்கு வேண்டுவன இரண்டு: கூரிய விளிம்பு, தயங்காத ஊட்டம்.

காபைட்டு கடினமானது, வெப்பத்தைத் தாங்கவல்லது, ஆயின் எளிதில் உடைவது. உடையாதிருக்கும் பொருட்டு அதன் விளிம்பைப் பெரும்பாலும் சிறிது மழுக்கியே செய்வர். அத்தகைய விளிம்பு நன்கு வெட்டுவதற்கு வலிமையும் அசையாமையும் உள்ள பொறி வேண்டும். சிறு பொறியிடம் இல்லாதவை இவையே. இதற்கு மாறாக, 1900ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியில் உலகம் கண்டு வியந்த உயர்கதி உருக்கு, பழையதென்று இகழத்தக்கதன்று. அது அதிர்வைத் தாங்கும். மழுங்கினால் நாமே சாணைக்கல்லில் தீட்டிக்கொள்ளலாம். கோபாற்று கலந்ததாயின் மேலும் நன்று.

உளியின் அகலம் 2 மில்லிமீற்றர் போதும். அகலம் இரட்டித்தால் வெட்டுவிசையும் ஏறக்குறைய இரட்டிக்கும். 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள கோலுக்கு உளி 15 மில்லிமீற்றர் அளவே வெளியே நீண்டிருத்தல் வேண்டும். நிமிடத்துக்கு 150 சுழற்சி என்னும் வேகத்தில் தொடங்கலாம். கவ்விக்கு மிக அண்மையில் வெட்டுக; முனையைக் கோலின் மைய உயரத்தில் நிறுத்துக; வெட்டெண்ணெயைக் குறைவற ஊற்றுக; வெட்டத் தொடங்கியபின் ஊட்டத்தை நிறுத்தி உளியை உரசவிடாதீர்.

காபைட்டு உளியால் நன்மை இல்லையென்று நாம் கூறவில்லை. அதன் முனையிலுள்ள பள்ளம், சீவலை வெட்டுவாயிலும் ஒடுக்கமாகச் சுருட்டி வெளியேற்றுகின்றது. கறையில் உருக்குக்கென்றே கூராகத் தீட்டப்பட்ட முனைகளும் உண்டு. திண்ணிய பொறியில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான துண்டுகளை வெட்டுவோர்க்கு அதுவே ஏற்றது. ஆயினும், தளர்ந்த சறுக்கிகளையுடைய சிறு பொறியின் குறையை எவ்வுளியும் தீர்க்காது. சறுக்கிகளை இறுக்கிய பின்னரே கடைக்குச் செல்லுதல் முறை.

இதிற் பணம் மட்டுமன்றி வேறொன்றும் அடங்கியுள்ளது. முனை உடையுந்தோறும் புதிது வாங்கும் மாணவன், அது ஏன் உடைந்தது என வினவப் பழகமாட்டான். தன் உளியைத் தானே தீட்டுபவன், கோணம் ஒரு பாகை மாறினும் அதன் விளைவை ஓசையாலேயே உணர்வான். எனவே, பாடசாலை வேலைத்தலங்களுக்குக் கருவிகள் வழங்க விரும்பும் பழைய மாணவ அன்பர்கள், விலையுயர்ந்த உளிகளுக்கு முன்னர் நல்ல சாணைக்கல் ஒன்றையும், வெட்டிப் பழகுதற்குப் போதிய உருக்குக் கோல்களையும் வழங்குவார்களாக. கூர் தீட்டத் தெரிந்த கையே தொழிலாளியின் முதற் கருவியாகும்.