பட்டமா? பயிற்சியா?

உளவியல் முதுகலையை முடிக்கும் நிலையிலுள்ள மாணவ மாணவியர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, மருத்துவ உளவியலில் டாக்டர் பட்டம் பெற விரும்புகிறேன். எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம்?" நல்ல கேள்விதான். ஆயினும் பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்து தேடலைத் தொடங்குவது தலைகீழான முறை என்பது என் கருத்து. "அங்கே யாருடைய மேற்பார்வையில், எத்தகைய நோயாளிகளைப் பார்ப்பேன்?" என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

இத்துறை பிறந்த வரலாறே இதற்குச் சான்று. 1896ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் முதல் உளவியல் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். எழுத்துப்பிழையின்றி எழுத இயலாமல் தவித்த ஒரு சிறுவனே அவரிடம் முதலில் வந்தவன். நம் நாட்டில் உளவியலுக்கான முதல் டாக்டர் பட்டத்தை 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பெற்ற கிரீந்திரசேகர் போஸ், மனநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துவந்த ஒரு மருத்துவர். ஏடும் நோயாளியும் ஒருங்கே இருந்த இடத்தில்தான் இக்கலை வளர்ந்தது.

இன்று நிலைமை என்ன? உளவியலில் பிஎச்.டி. பெற்றவர் தம் பெயருக்கு முன் 'முனைவர்' என்று போட்டுக்கொள்ளலாம். அதனால் மட்டும் அவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட மாட்டார். அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்றுக்கொண்ட தகுதி வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வரையறுத்திருக்கிறது. இதை அறியாமல் ஆராய்ச்சியில் ஆண்டுகளைச் செலவிட்டபின் வருந்துவதால் பயனில்லை. முன்னே சென்றவர்கள் போன வழியையும் கண்மூடித்தனமாகப் பின்பற்ற முடியாது. 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிகள் எம்.ஃபில். படிப்பை நிறுத்தின, மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை சலுகை நீட்டிக்கப்பட்டது. எனவே, சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்கு, அந்த நிறுவனத்தில், அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் பட்டியலிலேயே பார்த்துவிட வேண்டும். விளம்பரத்தை நம்பலாகாது.

அடுத்து, மருத்துவமனை. உள்நோயாளிப் பிரிவு உண்டா? குழந்தைகள், முதியோர், குடிப்பழக்கத்திற்கு ஆளானோர் எனப் பலரையும் பார்க்கும் வாய்ப்பு உண்டா? அதற்கடுத்து, வழிகாட்டி. பிஎச்.டி.க்கு ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப்பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப்பேராசிரியர் 4 பேருக்கும் மேல் வழிகாட்டக் கூடாது என்பது 2022ஆம் ஆண்டின் விதி. இத்தனை பேருக்கு நடுவே அவர் உங்களுக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்குவார் என்பதை, அங்கே ஏற்கெனவே படிப்பவர்களிடம் கேளுங்கள். ஆய்வேட்டைத் திருத்துபவர் மட்டும் போதாது. நோயாளியிடம் நீங்கள் பேசியதைக் கேட்டு, "இங்கே அவசரப்பட்டுவிட்டாய்" என்று சொல்பவரே ஆசான்.

"இடங்களோ மிகக் குறைவு, கட்டணமோ அதிகம். அரசுக் கல்லூரி மாணவன் எங்கே போவான்?" என்று கேட்கலாம். நியாயமான குறைதான். அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகளில் இப்படிப்புகளைப் பெருக்குவது அரசின் கடமை என்பேன். ஆனால், இடம் குறைவு என்பதற்காகப் பயிற்சியில்லாதவர் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வதை ஏற்க முடியாது. ஆசிரியப் பணியிலும் ஆராய்ச்சியிலும் நாட்டம் உள்ளவர் உளவியலில் பிஎச்.டி. செய்வது பெருமைக்குரியதே. அதை அதற்காகவே தேர்ந்தெடுக்கட்டும்.

"நெஞ்சு படபடங்குது, ராத்திரி தூக்கமே இல்லை" என்று ஒரு தாய் சொல்லும்போது, அதில் உடல்நோய் எது, அச்சம் எது, சொல்லாத துயரம் எது என்று பிரித்தறியக் கற்றுத்தரும் இடம் எதுவோ, அதுவே சிறந்த இடம். நம்மிடம் வரப்போகும் அந்தத் தாய்க்கு நம் பட்டத்தின் பெயர் தெரியாது. அவளை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள், மாணவ நண்பர்களே!