நாடி அறிந்து நடப்போம்

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில், காவியுடை அணிந்து வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகப் புறப்படும் குழுக்களை ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகளில் நாம் காண்கிறோம். 29-ஆம் நாள் கொடியேற்றத்திற்குள் அன்னையின் திருத்தலத்தை அடைய வேண்டும் என்பது பலருடைய ஆவல். வழியோ 300 கிலோமீட்டருக்கும் மேல். ஆண்டு முழுவதும் ஆலையில் நின்றும் அலுவலகத்தில் அமர்ந்தும் பழகிய உடல், ஒரே நாளில் இதற்கு இசைந்துவிடுமா?

ஆகவே இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்குவது நலம். எவ்வளவு விரைவாக நடப்பது என்பதற்கு அளவுகோலை இறைவன் நம் மணிக்கட்டிலேயே வைத்திருக்கிறார்.

சிறிது தூரம் நடந்து நின்றவுடன், பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து, 15 விநாடிகள் நாடித்துடிப்பை எண்ணி நான்கால் பெருக்குக. 220-லிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும். அதில் நூற்றுக்கு 60 முதல் 70 வரை பயிற்சிக்கு ஏற்றது. இருபது வயது மகனுக்கு இது 120 முதல் 140. அறுபது வயதுத் தாய்க்கு 96 முதல் 112. ஒரே சாலையில் ஒரே வேகத்தில் நடந்தாலும், மகனுக்கு எளிதானது தாய்க்குப் பெருஞ்சுமையாகலாம் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

இந்த மிதமான அளவில் நாள்தோறும் நடந்துவர, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தைச் செலுத்தப் பழகுகிறது. காலையில் படுக்கையிலிருந்து எழுமுன் எண்ணும் துடிப்பு வாரங்கள் செல்லச் செல்லக் குறைவது அதன் அடையாளம். ஒரு நாள் அது வழக்கத்தைவிட வெகுவாக உயர்ந்திருந்தால், அன்று ஓய்வு கொள்க.

பின்லாந்து நாட்டில் 1977-இல் தோன்றிய போலார் நிறுவனம், துடிப்பை ஓயாது காட்டும் கைக்கடிகாரத்தை 1982-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அத்தகைய கடிகாரங்கள் நம் கடைகளிலும் கிடைக்கின்றன. அவை இல்லையெனினும் குறைவில்லை. மூச்சு வாங்காமல் ஜெபமாலையை உரக்கச் சொல்ல முடிந்தால், அதுவே தக்க வேகம்.

இதய நோய், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உடையோர் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்போர்க்கு இக்கணக்குப் பொருந்தாது. நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நின்று உதவி நாடுக. நேர்ச்சை தடைபடுமே என்று அஞ்ச வேண்டாம்.

நம் உடல் தூய ஆவியின் ஆலயம் எனப் புனித பவுல் கற்பித்தார். அதைப் பேணுவதும் பக்தியே. குழுவில் மெல்ல நடப்பவரின் நாடியையே அனைவருக்கும் அளவாகக் கொண்டு, ஒருவரையும் பின்னே விடாமல் அன்னையின் திருவடி சேர்வோமாக!