பிரித்தது கடலன்று

மாமல்லபுரக் கடற்கரையில் நின்று தெற்கு நோக்குவோர் கண்ணுக்கு நீரன்றி வேறொன்றும் புலனாவதில்லை. எனினும் அந்நீருக்கு அப்பால், ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவில், நம் மொழி பேசும் மக்கள் வாழும் இலங்கையின் வடகரை உள்ளது. சூழ்ந்த கடலே அத்தீவை நம்மிடமிருந்து பிரித்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

7ஆம் நூற்றாண்டில், நாடிழந்து பல்லவரிடம் அடைக்கலம் புகுந்த இலங்கை இளவரசன் மானவர்மன், முதலாம் நரசிம்மவர்மனின் கடற்படைத் துணையால் அரியணை பெற்றான். அக்கலங்கள் மாமல்லபுரத் துறையிலிருந்தே புறப்பட்டன என்பர். இதே செங்கல்பட்டு மாவட்டத்துச் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை அமைத்திருந்த டச்சுக்காரர், 18ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கரையோரத்தையும் ஆண்டனர். போருக்கும் வணிகத்துக்கும் வழிவிட்ட கடல், கல்விக்கும் வழிவிட்டது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இரு கரைகளிலும் மார்க்கப் பணியாற்றினார். அரபுத்தமிழ் நூல்கள் இரு கரைகளிலும் ஓதப்பட்டன. கடலில் செல்லும் கலங்களை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறை காட்டுவதும் நாம் அறிந்ததே.

பிரிவு பிற்காலத்தது. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழி, 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியோடு அழிந்தது. 1974, 1976 ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் நீரின்மேல் எல்லைக் கோடு வரைந்தன. நாடுகளுக்கு எல்லை வேண்டும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் நூலுக்கும் நினைவுக்கும் எல்லை வகுத்தவர் யார்? நாமே அல்லவா?

1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். ஆறே ஆண்டுகள் கழித்து, 1885இல், கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை எழுதிய 'அசன்பே சரித்திர'த்தை அறிந்தோர் நம்முள் எத்தனை பேர்? நம் சமுதாயத்தவர் ஒருவர் நம் மொழியில் படைத்த அந்த முன்னோடி நாவலை, அயல்நாட்டு நூலென்று ஒதுக்கிவைப்பது முறையாகுமா?

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மீண்டும் பயணிகள் கப்பல் சென்றது. கப்பல் ஆளை ஏற்றிச் செல்லும். நூலை ஏற்றிவர வேண்டியவர்கள் நாம். இலங்கை முஸ்லிம் தமிழிலக்கியத்துக்குப் பாடத்திட்டத்தில் இடம் வேண்டும். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே மாணவர் அதனைக் கற்க வேண்டும். பழைய ஏடுகளை வீட்டுப் பரணில் வைத்திருப்போர் அவற்றைக் கல்லூரி நூலகத்துக்கு அளித்து உதவ வேண்டும்.

கடல் நம்மைப் பிரிக்கவில்லை, மறதியே பிரித்தது. மறதியைக் கடக்கக் கலம் தேவையில்லை. கற்கும் மனம் போதும்.